வலிக்காத கை

பூக்கை அக்கா எடுத்து அனுப்பிய ரத்தம் அந்த வாரத்தில் ஆறாவது தடவையாகத் திரும்பி வந்தது. டியூபைச் சுற்றி ஒரு வெள்ளைத் தாள், அதன் மேல் ரப்பர் பேண்டு. தாளில் இரண்டே வார்த்தை: உடைந்த ரத்தம். கீழே ஆய்வுக்கூடத்துக் கையெழுத்து. அந்தக் கையெழுத்தைப் பார்த்ததும் அக்காவுக்கு உள்ளங்காலில் பற்றிய நெருப்பு உச்சந்தலைக்குப் போனது. கையெழுத்துப் போட்டவள் வேற்று ஆள் இல்லை. சொந்த நாத்தனார். புருஷனோடு கூடப் பிறந்தவள்.

பூக்கை என்பது நோயாளிகள் வைத்த பேர். அவளுடைய நிஜப் பேரைச் சொல்லி விசாரித்தால் அந்த ஆஸ்பத்திரியில் சம்பளப் பட்டியல் எழுதுகிறவரே கொஞ்சம் யோசிப்பார். இருபத்திரண்டு வருஷமாக ரத்தம் எடுக்கும் அறையில் ஜன்னலோர நாற்காலி அவளுடையது. "அவ்வளவுதானா? முடிஞ்சிருச்சா? குத்தினதே தெரியலையே!" என்று ஆச்சரியப்பட்டபடி எழுந்து போகிறவர்களின் முகத்தைப் பார்ப்பதுதான் அவளுக்குச் சாப்பாடு, தண்ணீர் எல்லாம். மூன்று மாதத்துக்கு முன்னால் வரவேற்புக்கூடத்தில் ஒரு பலகை மாட்டி, நோயாளிகள் சீட்டெழுதிப் போட்டதை எண்ணி, 'வலிக்காத கை' என்று அவள் படத்தை அதில் ஒட்டினார்கள். அன்றிலிருந்து அக்கா குழந்தைகளுக்கு வைத்திருக்கும் ஆரஞ்சு ஊசியையே எல்லோருக்கும் எடுக்க ஆரம்பித்தாள். இருக்கிற ஊசியிலேயே மெல்லியது அது. பலகையில் படம் ஏறிவிட்ட பிறகு ஒருத்தர்கூட 'ஸ்' என்று சொல்லிவிடக் கூடாது அல்லவா?

அறையில் இன்னொரு நாற்காலியும் உண்டு. அதில் இருப்பவள் வேலைக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. ஒரு வருஷம் முடிந்தால்தான் நிரந்தரம். கேட்டால் பதில் சொல்வாள், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. அதனால் அவளுக்கு சைலன்ஸ் என்று பேராகிவிட்டது. முன்னால் வந்து உட்காரும் ஆளிடம் "கொஞ்சம் வலிக்கும்" என்று உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டு, பெரியவர்களுக்கென்று இருக்கும் கொஞ்சம் தடித்த பச்சை ஊசியை எடுப்பாள். இப்படிச் சொன்னால் எவர் அந்த வரிசையில் நிற்பார்? அக்காவின் பக்கம் பதினைந்து பேர் நின்றால் சைலன்ஸ் பக்கம் நான்கு பேர் நிற்பார்கள். அதிலும் இரண்டு பேர், எந்த வரிசை யாருடையது என்று தெரியாமல் நிற்பவர்கள்.

ரத்தம் உடைவது என்றால் என்ன என்று அக்காவுக்குத் தெரியாமல் இல்லை. டியூபை மெஷினில் வைத்துச் சுற்றினால் சிவப்பணுக்கள் அடியில் தங்கும், மேலே மஞ்சளாகத் தெளிந்த நீர் நிற்கும். அணுக்கள் உடைந்திருந்தால் அந்த நீர் தர்பூசணிச் சாறு மாதிரி சிவந்துவிடும். சிவப்பது பெரிதல்ல. அணுவுக்குள்ளே இருக்கிற பொட்டாசியமும் சேர்ந்து வெளியே கொட்டிவிடும். மெஷின் பாவம், அதற்கு என்ன தெரியும், ஆளுக்குப் பொட்டாசியம் ஏறிவிட்டது என்று சொல்லும். இதயம் நின்றுபோகும் அளவு என்றுகூடச் சொல்லும். ஆளோ நன்றாக இருப்பார்.

பலகையில் படம் ஒட்டிய முதல் மாதம் அப்படித்தான் ஆனது. வாராவாரம் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வரும் பழைய பஸ் டிரைவர் ஒருவர். அவருடைய டியூபின் சிவப்பு கண்ணில் படாத அளவு லேசாக இருந்ததால், கணக்கு அப்படியே வார்டுக்குப் போய்விட்டது. அவரை ஓடிப் பிடித்துப் படுக்க வைத்து, நெஞ்செல்லாம் ஒயர் ஒட்டி, கையில் மருந்து ஏற்றி இரண்டு நாள் வைத்திருந்தார்கள். மகள் வராந்தாவில் உட்கார்ந்து அழுத அழுகை கீழ்த்தளம் வரை கேட்டது. மூன்றாம் நாள் வேறு ரத்தம் எடுத்துப் பார்த்தால் அவருக்கு ஒன்றுமே இல்லை. அதற்குப் பிறகு ஆய்வுக்கூடம் ஒவ்வொரு டியூபையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்க ஆரம்பித்தது. டியூப்கள் திரும்பி வர ஆரம்பித்தன. வந்தவை எல்லாம் மூன்றாம் எண். மூன்றாம் எண் பூக்கை அக்கா.

திங்கட்கிழமை கண்காணிப்பாளர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். அதிகம் பேசாத மனிதர், பேசினால் காகிதத்தைப் பார்த்துத்தான் பேசுவார்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பேன்மா. உங்க நம்பர்ல இப்படியே திரும்பி வந்துகிட்டிருந்தா நாற்காலிய அந்தப் பொண்ணுக்குக் குடுத்துட்டு உங்களச் சீட்டு எழுதற கவுண்டருக்கு மாத்தறதத் தவிர எனக்கு வேற வழி இல்ல."

சீட்டு எழுதும் கவுண்டர்! அங்கே பேர், வயது, எந்த டாக்டர் என்று கேட்டு எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு மனுஷனுடைய கையைத் தொட வேண்டியதில்லை. அக்காவுக்கு அதைக் கேட்டதும் அழுகை முட்டியது. ஆனால் அழவில்லை. சந்தேகப்பட ஆரம்பித்தாள்.

முதல் சந்தேகம், கூடை தூக்கிப் போகும் அட்டெண்டர் மேல். நடையின் வேகத்தை வைத்து அவருக்கு எக்ஸ்பிரஸ் என்று பேர். ஆமை வந்து வழி கேட்டால்கூட இவரை முந்திக்கொண்டு போய்விடும். செவ்வாய்க்கிழமை அக்கா கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தபடி அவர் பின்னாலேயே போனாள். மனிதர் கூடையை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்து, மாடிப்படியில் ஒவ்வொரு படிக்கும் நின்று, பச்சைக் குழந்தையைக் கொண்டுபோகிற மாதிரி கொண்டுபோனார். திரும்பிப் பார்த்து, "என்னம்மா, நீங்களும் லேபுக்கா? கூடையில வச்சுத் தூக்கிட்டுப் போகவா?" என்று கிண்டல் வேறு. அவர் பேரை மனசுக்குள் அடித்துவிட்டாள்.

இரண்டாவது, டியூப். மட்டமான சரக்காக இருக்குமோ? ஆனால் அதே பெட்டியிலிருந்துதான் சைலன்ஸும் எடுக்கிறாள். அவளுடையது ஒன்றுகூட உடையவில்லையே. அப்படியானால் சைலன்ஸே ஏதாவது செய்கிறாளா? நாற்காலி அவளுக்குத்தானே போகப்போகிறது! புதன்கிழமை முழுக்க அக்கா ஒரு கண்ணை ஊசியிலும் ஒரு கண்ணை அந்தப் பெண்ணின் மேலும் வைத்திருந்தாள். அவள் இந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. ரப்பர் பட்டையைக் கட்டுவாள், ஸ்பிரிட் தடவுவாள், அது காயும்வரை சும்மா உட்கார்ந்திருப்பாள். அக்காவுக்கு அதைப் பார்த்தாலே எரிச்சல் வரும். காயட்டும் காயட்டும் என்று உட்கார்ந்திருந்தால் வரிசை எப்போது நகரும்?

மிச்சம் இருந்தது நாத்தனார்தான். யோசிக்க யோசிக்க எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. அவளுக்கு இந்த லேப் வேலை கிடைத்ததே அக்கா கண்காணிப்பாளரிடம் சொல்லித்தான். நாலு மாதத்துக்கு முன்னால் சொந்தக்காரர்கள் எல்லோரும் கூடியிருந்த ஒரு சாப்பாட்டில், "நான் ஒரு வார்த்த சொல்லலைன்னா இவ இன்னைக்கும் வீட்டுல உக்காந்து டிவிதான் பாத்துக்கிட்டிருப்பா" என்று அக்கா சொல்லிவிட்டாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். நாத்தனார் பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிட்டு எழுந்து போனாள். அதற்குப் பிறகு வீட்டுப் பக்கம் வரவே இல்லை. கொஞ்ச நாளில் டியூப்கள் திரும்ப ஆரம்பித்துவிட்டன. வளர்த்த கடா மார்பில் பாய்கிறது என்பது இதைத்தான்.

அன்று சாயங்காலம் புருஷனிடம் கொட்டித் தீர்த்தாள். அவர் லிஃப்ட் மெக்கானிக். தங்கைக்கும் மனைவிக்கும் நடுவில் மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் இடி வாங்கிப் பழகியவர்.

"உங்க தங்கச்சிதான் பண்றா. என் மேல கோவத்த வச்சுக்கிட்டு வேணும்னே என் டியூபத் திருப்பி அனுப்பறா. எனக்குத் தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"தெரியும்னா தெரியும்."

அவர் சட்டைக் கையை மடித்து கிரீஸ் கறையைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "லிஃப்ட் நின்னுடுச்சுன்னு வச்சுக்க. நாங்க முதல்ல கேபிளப் பாப்போம். அப்புறம் மோட்டாரு. அப்புறம் நாம போன வாரம் முறுக்கின போல்ட்டு. அதெல்லாம் பாத்துட்டுத்தான், எவனாவது வேணும்னு கெடுத்தானான்னு யோசிப்போம். நீ எடுத்த எடுப்புலயே ஆளத் தேடறியே."

"ஓ! அப்ப என் கைதான் தப்புங்கறீங்களா?"

இருபத்து நாலு வருஷம் குடித்தனம் நடத்தியவருக்கு எந்த இடத்தில் வாயை மூட வேண்டும் என்று தெரியும். மூடிக்கொண்டார். ஆனால் அவர் வாயை மூடியதே அக்காவுக்குக் குத்தியது. அண்ணனும் தங்கையும் பேசிவைத்துக்கொண்டார்களோ என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. தூங்கப் போவதற்குள் அவளுக்கு ஒரு யோசனை வந்துவிட்டது.

ரத்தம் எடுத்ததும் நோயாளியின் கண் முன்னாலேயே அவர் பேரை டியூபில் ஒட்டிவிட வேண்டும். அதில் கை வைக்க அக்காவுக்குக்கூட மனசு வராது. ஆனால் எடுத்தது யார் என்பதற்கு ஒரு சின்ன வட்ட ஸ்டிக்கர் உண்டு. அக்காவுக்கு மூன்று, சைலன்ஸுக்கு ஏழு. அதைக் கூடை போகும் நேரத்தில் மொத்தமாக ஒட்டுவதுதான் அந்த அறையின் வழக்கம். நாத்தனார் டியூபைப் பார்க்கிறாளோ இல்லையோ, எண்ணைப் பார்க்கிறாள். மூன்று என்றால் திருப்பி அனுப்புகிறாள். சரி, சைலன்ஸ் எடுத்த ரத்தத்தில் மூன்றை ஒட்டி அனுப்பினால்? நல்ல ரத்தத்தையே உடைந்தது என்று எழுதுவாள். என்னுடையதில் ஏழை ஒட்டினால் வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொள்வாள். அந்தப் பட்டியலைக் கொண்டுபோய்க் கண்காணிப்பாளர் மேசையில் வைத்தால் போதும். கையும் களவுமாக மாட்டுவாள்!

வியாழக்கிழமை காலை முதல் கூடையில் பத்து டியூப். ஐந்து இவளுடையது, ஐந்து அவளுடையது. எக்ஸ்பிரஸ் வராந்தாவின் அந்தக் கோடியில் புறப்பட்டுவிட்டார், வந்து சேர இன்னும் ஐந்து நிமிஷமாவது ஆகும். அக்கா திரும்பிப் பார்த்துக் குரலில் கொஞ்சம் சர்க்கரை கலந்தாள்.

"ஏம்மா, எத்தன நேரமா ஒரே இடத்துல உக்காந்திருக்க. போய்க் கை கழுவிட்டு ஒரு வாய் டீ குடிச்சிட்டு வா. ஸ்டிக்கர் நான் ஒட்டித் தரேன்."

சைலன்ஸ் நம்பாதவள் போல ஒரு கணம் பார்த்தாள். பிறகு முகம் மலர்ந்து சிரித்தாள். அந்தப் பெண்ணுக்குக் கன்னத்தில் குழி விழும் என்பதே அக்காவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. "தேங்க்ஸ்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அக்கா ஒட்டினாள். தன்னுடைய ஐந்தில் ஏழு. அவளுடைய ஐந்தில் மூன்று. எதையும் மறந்துவிடாமல் இருக்க எந்த டியூப் யார் எடுத்தது என்று ஒரு சின்னத் தாளில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொண்டாள். யாருக்கும் இதனால் ஒரு கெடுதியும் இல்லை, நோயாளி பேர் அப்படியே இருக்கிறது என்று தனக்குத் தானே இரண்டு தடவை சொல்லிக்கொண்டாள். ஒரு தடவை சொன்னால் போதாமல் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்ததே, அப்போதே யோசித்திருக்கலாம்.

மத்தியானம் இரண்டு மணிக்கு லேபிலிருந்து முதல் கூடையின் பட்டியல் வந்தது. கண்காணிப்பாளர் அறை வாசலில் அட்டையில் செருகியிருந்தார்கள். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். மூன்றாம் எண்: ஐந்து டியூப், ஐந்தும் சரி. ஏழாம் எண்: ஐந்து டியூப், நான்கு உடைந்தவை.

ஒரு தடவை படித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தாள். பர்ஸிலிருந்த தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். நாத்தனாருக்கு எண் மாறியது தெரிந்திருக்குமோ? எப்படித் தெரியும்? யாரிடமும் சொல்லவில்லை. யாரும் பார்க்கவில்லை. அவள் எண்ணைப் பார்த்துத் திருப்பி அனுப்புகிறவளாக இருந்தால் மூன்றுதான் திரும்பியிருக்க வேண்டும். திரும்பியது மூன்று இல்லை. எந்த எண் ஒட்டியிருந்தாலும் அக்கா எடுத்த ரத்தமே திரும்பியிருந்தது.

அதற்குள் கண்காணிப்பாளர் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். முதல் தடவையாக அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"பாத்தீங்களா? உங்க நம்பர் சுத்தமா இருக்கு. நான்தான் அவசரப்பட்டுட்டேன். பிரச்சன அந்தப் பொண்ணுகிட்ட இருக்கும்போல. இத்தன நாள் எப்படித் தப்பிச்சதோ தெரியல. நாலு மணிக்கு வரச் சொல்லியிருக்கேன். நிரந்தரம் ஆகல இல்ல, நிறுத்திடறது சுலபம். நீங்க கவலப்படாம வேலயப் பாருங்க."

வெட்கமாக இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். அக்காவுக்கு அந்த நேரத்தில் முதலில் வந்தது சந்தோஷம். நாற்காலி பிழைத்தது என்ற சந்தோஷம். அது வராந்தா முடிகிறவரைகூட நிற்கவில்லை. கால்கள் தாமாக மாடிப்படி ஏறி ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோய்விட்டன.

நாத்தனார் கையுறையோடு உட்கார்ந்து டியூப்களை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். நாலு மாதத்துக்குப் பிறகு அண்ணி வாசலில் வந்து நிற்கிறாள் என்று எழுந்திருக்கக்கூட இல்லை. அவள் கண்ணிலும் அதே சந்தேகம்.

"வாங்க அண்ணி. நானே வரணும்னு இருந்தேன். ஒண்ணு கேப்பேன், உண்மையச் சொல்லணும். அந்தப் பொண்ணோட டியூபக் குலுக்கிட்டீங்களா?"

"என்னது?"

"எட்டு மாசமா ஏழாம் நம்பர்ல ஒண்ணுகூட உடஞ்சதில்ல. நேத்து வரைக்கும் இல்ல. இன்னைக்கு ஒரே கூடையில நாலு. வெள்ளிக்கிழமைக்குள்ள உங்க நாற்காலி போகப்போகுதுன்னு எல்லாருக்கும் தெரியும். வேற என்ன நினைக்கச் சொல்றீங்க?"

தன்னைப் பார்த்து இப்படி ஒரு கேள்வியா என்று கொதித்து எழ வேண்டிய இடம். ஆனால் எழுந்தால் எதைச் சொல்லிக் கொதிப்பது? குலுக்கவில்லை, ஸ்டிக்கரைத்தான் மாற்றினேன் என்றா? பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். பர்ஸிலிருந்து தாளை எடுத்து நீட்டினாள்.

நாத்தனார் படித்தாள். தாளைப் பார்த்தாள், டியூப்களைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள். கடைசியில் கையுறையைக் கழற்றினாள்.

"என்னப் பிடிக்கறதுக்காகவா?"

"ஆமா."

"அடப்பாவமே," என்றாள் நாத்தனார். கோபப்பட்டிருந்தால்கூட அக்காவுக்குத் தேவலையாக இருந்திருக்கும். "அண்ணி, முதல் மாசம் பூரா எனக்குத் தூக்கமே இல்ல, தெரியுமா? என் மெஷின்தான் வேகமா சுத்தி உடைக்குதுன்னு நினைச்சேன். ஆளக் கூப்பிட்டுக் காட்டினேன். சரியா இருக்குன்னான். நம்பாம, அந்தப் பொண்ணுகிட்ட கையக் குடுத்து என் ரத்தத்தையே எடுக்கச் சொல்லிச் சுத்திப் பாத்தேன். கண்ணாடி மாதிரி வந்துச்சு. அதுக்கப்புறம்தான் உங்களுதுன்னு எழுதவே ஆரம்பிச்சேன். நீங்க இந்த மூணு மாசத்துல ஒரு நாளாவது உங்க கையச் சந்தேகப்பட்டீங்களா?"

அக்கா தலையை ஆட்டினாள். இல்லை. எக்ஸ்பிரஸைச் சந்தேகப்பட்டாள், கண்ணாடி டியூபைச் சந்தேகப்பட்டாள், ஒரு பாவமும் அறியாத பெண்ணைச் சந்தேகப்பட்டாள், கட்டின புருஷனைக்கூடச் சந்தேகப்பட்டாள். தோளிலிருந்து தொங்குகிற இந்த இரண்டு கையை மட்டும் விட்டுவிட்டாள்.

"இதப் பாருங்க." நாத்தனார் ஒரு டியூபை வெளிச்சத்தில் தூக்கினாள். மேலே நின்ற நீர் இளஞ்சிவப்பாக இருந்தது. மூடிக்கு அடியில் கண்ணாடியோடு ஒட்டி, காய்ந்த நுரை வளையம். "உங்க டியூப் எல்லாத்துலயும் இந்த நுர இருக்கும். எந்த ஊசி போடறீங்க?"

"ஆரஞ்சு."

"பெரியவங்களுக்குமா?"

"எல்லாருக்கும். வலிக்கக் கூடாதுன்னு..."

"ஆரஞ்சு ஊசியில ரத்தம் சொட்டுச் சொட்டாத்தான வரும். வெளியில பதினஞ்சு பேர் நிக்கறாங்க. அப்ப என்ன செய்வீங்க?"

அக்காவின் மடியில் கிடந்த வலது கையின் கட்டைவிரல் தானாக நிமிர்ந்து, இல்லாத சிரிஞ்சின் தண்டை வெடுக்கென்று இழுத்துக் காட்டியது. அதை அவளே பார்த்தாள்.

"இழுப்பேன்," என்றாள்.

"டியூபுக்கு எப்படி மாத்துவீங்க? ஊசியக் கழட்டிட்டு, மூடியத் திறந்து, ஓரமா வழிய விடறீங்களா?"

"நேரம் ஏது? மூடியிலயே குத்தித் தள்ளிடுவேன். அப்புறம் நல்லா கலக்கணும்னு ரெண்டு உலுக்கு."

"அவ்வளவு சின்ன ஓட்டைக்குள்ள போகும்போது ஒரு தடவ, வரும்போது ஒரு தடவ, அதுக்கு மேல உலுக்கு. உடையாம என்ன செய்யும் அண்ணி?"

இதில் ஒன்றுகூட அக்காவுக்குப் புதிதில்லை. படித்த காலத்தில் பரீட்சையில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியது. மெல்லிய ஊசி வேண்டாம், வேகமாக இழுக்காதே, ஸ்பிரிட் காயட்டும், குலுக்காதே, மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்து. அதெல்லாம் கை பழகாதவர்களுக்குச் சொன்னது, என் கைக்கு இல்லை என்று எப்போது நினைக்க ஆரம்பித்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. பலகையில் படம் ஏறியதற்குப் பிறகு அந்த நினைப்பும் கூடவே ஏறி உட்கார்ந்துகொண்டது.

பஸ் டிரைவர் ஞாபகம் வந்தது. அன்றைக்கும் அவர், "உன் கையில வலியே இல்லம்மா, நீ நல்லா இருக்கணும்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அடுத்த இரண்டு மணி நேரத்தில் அவரைப் படுக்க வைத்து ஒயரை ஒட்டினார்கள். அந்த மகளிடம் தானே போய், "லேபுல ஏதோ தப்பு பண்ணிட்டாங்க, நீ அழாதம்மா" என்று ஆறுதல் சொன்னதும் ஞாபகம் வந்தது. அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். நாத்தனார் தடுக்கவில்லை. தண்ணீர் பாட்டிலை மட்டும் பக்கத்தில் நகர்த்தி வைத்தாள்.

நாத்தனார் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "நாலு மணிக்கு அந்தப் பொண்ணக் கூப்பிட்டிருக்காங்க. நான் போய்ச் சொன்னா, அண்ணன் பொண்டாட்டிய மாட்டிவிட்டேன்னு ஆகும். சொல்லலைன்னா அந்தப் பொண்ணு போயிடும். நாலு மணி வரைக்கும் நான் வாயத் திறக்க மாட்டேன். அதுக்கு மேல என்னால சும்மா இருக்க முடியாது. நீங்களே பாத்துக்கங்க."

மணி மூன்று இருபது. கீழே இறங்கி வருகிற ஒவ்வொரு படியிலும் அக்காவுக்கு ஒரு நியாயம் கிடைத்தது. நாளைக்கே பச்சை ஊசிக்கு மாறிவிட்டால் இனிமேல் ஒன்றும் உடையாது. மூன்றாம் எண் சுத்தம் என்று காகிதமே சொல்கிறது. அந்தப் பெண் சின்ன வயசு, இங்கே இல்லாவிட்டால் இன்னொரு ஆஸ்பத்திரி. நாத்தனார் சொன்னால் சொல்லட்டும், பழைய பகை என்று சொல்லிவிட்டால் யார் நம்புவார்கள்? கடைசிப் படிக்கு வந்தபோது நியாயங்கள் ஒரு கூடை சேர்ந்துவிட்டன. எல்லாமே கேட்க நன்றாகத்தான் இருந்தன.

நாலு மணிக்குக் கண்காணிப்பாளர் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. அக்கா வெளியே சுவரோடு ஒட்டி நின்றாள். உள்ளே சைலன்ஸ் நின்றுகொண்டிருந்தாள், முதுகு மட்டும் தெரிந்தது.

"எப்படி ஆச்சு? ஏதாவது சொல்லணும்னா சொல்லும்மா," என்றார் கண்காணிப்பாளர். குரலில் கடுமை இல்லை. முடிவு எடுத்தாகிவிட்டது என்றால் மனிதர்கள் கொஞ்சம் கனிவாகத்தான் பேசுவார்கள்.

அந்தப் பெண் பேசினாள். "எனக்குத் தெரியல சார். எப்பவும் செய்யற மாதிரிதான் செஞ்சேன். ஸ்பிரிட் காயவிட்டேன். மெதுவாத்தான் எடுத்தேன். ஆனா நாலு உடஞ்சிருக்குன்னா... என் கையிலதான் ஏதோ தப்பு இருக்கும் சார். இனிமே யாருக்கும் எடுக்கவே பயமா இருக்கு."

ஒரே ஒரு பட்டியலைப் பார்த்து, ஒன்றும் தவறு செய்யாத ஒருத்தி தன் கையையே குற்றம் சொல்லிவிட்டாள். இத்தனை டியூப் திரும்பி வந்தும் அக்காவால் அது முடியவில்லை. அதற்கு மேல் அவளால் வெளியே நிற்க முடியவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

"அவ எடுத்தது இல்ல சார். அந்த நாலும் நான் எடுத்தது. ஸ்டிக்கர நான்தான் மாத்தி ஒட்டினேன்." தாளை மேசையில் வைத்தாள். ஆரஞ்சு ஊசியைச் சொன்னாள், இழுத்ததைச் சொன்னாள், தள்ளியதைச் சொன்னாள், உலுக்கியதைச் சொன்னாள். டிரைவர் படுத்துக் கிடந்ததும் தன்னால்தான் என்று சொன்னாள். சொல்லச் சொல்லக் கண்காணிப்பாளர் முகம் சிவந்துகொண்டே போனது.

"ரத்தம் உடையறது கைத் தப்பும்மா. அதத் திருத்திக்கலாம். ஸ்டிக்கர மாத்தறது கைத் தப்பு இல்ல." இந்தத் தடவை அவர் காகிதத்தைப் பார்க்கவில்லை, அவளையே பார்த்துப் பேசினார். "நாளையிலேர்ந்து சீட்டுக் கவுண்டர். மூணு மாசம் ஊசியத் தொடக் கூடாது. அதுக்கப்புறம் புதுசா வர்றவங்க எழுதற பரீட்ச நீங்களும் எழுதணும். அப்ப பாக்கலாம். இதெல்லாம் நீங்களே உங்க கையால எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டுப் போங்க."

எழுதிக் கொடுத்தாள். கீழே கையெழுத்தும் போட்டாள்.

வெளியே வந்தபோது சைலன்ஸ் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தாள். அக்கா அவள் கையைப் பிடிக்கப் போனாள், பாதியில் நிறுத்திக்கொண்டாள். "என்ன மன்னிச்சிடும்மா," என்றாள். மன்னிப்பு கேட்டதும் அந்தப் பெண் அழுவாள், பரவாயில்லைக்கா என்பாள் என்று உள்ளுக்குள் எங்கோ ஓர் எதிர்பார்ப்பு இருந்திருக்கிறது. இல்லாவிட்டால் அடுத்து வந்தது அவ்வளவு வலித்திருக்காது.

"காலைல நீங்க, கை கழுவிட்டு வா, நான் ஒட்டித் தரேன்னு சொன்னீங்கல்ல," என்றாள் சைலன்ஸ். "எட்டு மாசத்துல முதல் தடவையா எங்கிட்ட அன்பாப் பேசறீங்கன்னு நினைச்சேன்க்கா. டீ குடிக்கப் போனப்ப எங்கம்மாவுக்கு போன் பண்ணிச் சொன்னேன்."

அக்கா அந்த இடத்திலேயே நின்றாள். சைலன்ஸ் ரத்தம் எடுக்கும் அறைக்குள் போனாள். மேசை மேல் இருந்த இரண்டு ஸ்டிக்கர் சுருளையும் எடுத்து, மூன்றையும் ஏழையும் சேர்த்துத் தன் கோட்டுப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டாள். பிறகு கதவருகே வந்து, அக்கா நின்ற பக்கம் பார்க்காமல், வரிசையில் முதலில் நின்றவரை உள்ளே கூப்பிட்டாள்.